வரப்போகும் கார்டின் பெயரும் வேகமும்

(சாணார்பட்டியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சாணார்பட்டியில் கிராபிக்ஸ் கார்டைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று ஒரு நண்பர் கேட்டார். சென்னையில் பேசுவதைவிட இங்கேதான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது என்பது என் எண்ணம். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர், ஆல்பம் டிசைன் செய்கிறவர், திண்டுக்கல்லுக்கும் மதுரைக்கும் பஸ் ஏறிப் போய் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளை, எல்லாருக்கும் இன்று கார்டு தேவைப்படுகிறது. பெருநகரத்தில் ஒருவருக்கு வாங்கிய கார்டு பிடிக்கவில்லை என்றால் சென்னையின் ரிச்சி தெருவில் கொடுத்துவிட்டு வேறு வாங்கிக்கொள்வார். இங்கே ஒரு கார்டு வாங்கினால் அது ஐந்தாறு வருடம் உழைக்க வேண்டும். அதனால்தான் "அடுத்த மாடல் வருதாமே, பொறுத்து வாங்கலாமா?" என்ற கேள்வி இங்கே விளையாட்டுப் பேச்சாக இல்லாமல் குடும்பக் கணக்காகவே இருக்கிறது.

இந்தப் பக்கத்தில் மாந்தோப்பைப் பூவிலேயே குத்தகை பேசுகிறவர்கள் உண்டு. தேர்ந்த வியாபாரி பூவை மட்டும் பார்த்துத் தொகை சொல்ல மாட்டார். மரத்தின் வயது, மண், கிணற்றில் தண்ணீர், போன வருடக் காய்ப்பு எல்லாவற்றையும் விசாரித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். இன்னும் வராத கார்டைக் கணிப்பதும் அப்படிப்பட்ட வேலைதான். பெயர் என்பது பூ. பூவைப் பற்றிய பேச்சுதான் எங்கும் நிறைந்திருக்கிறது. மண்ணையும் தண்ணீரையும் பார்ப்பது எப்படி என்று சொல்லத்தான் இன்று வந்திருக்கிறேன்.

முதலில் பெயரைப் பேசி முடித்துவிடுவோம்.

1999-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் என்விடியா நிறுவனம் ஒரு போட்டி வைத்தது. ரீவா டிஎன்டி2 வரிசைக்கு அடுத்து வரப்போகும் சிப்புக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று மக்களையே கேட்டது. 12,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் வந்து குவிந்தன. தேர்வான ஏழு பேருக்கு டிஎன்டி2 அல்ட்ரா கார்டு பரிசு. அப்படிப் பிறந்த பெயர்தான் ஜிஃபோர்ஸ். அந்த வருடம் அக்டோபரில் ஜிஃபோர்ஸ் 256 கடைக்கு வந்தது. இன்றுவரை அந்தப் பெயரை விடவில்லை. வராத கார்டுக்குப் பெயர் யோசிப்பது வேலையற்றவர் வேலை என்று சொல்பவர்களுக்கு இதைச் சொல்லிவையுங்கள். உலகின் மிகப் பெரிய கார்டு வரிசைக்கே அப்படி யோசித்தவர்கள்தான் பெயர் கொடுத்தார்கள்.

ஜிஃபோர்ஸ் என்பது கடைப் பெயர். உள்ளே இருக்கும் கட்டமைப்புக்கு வேறு பெயர் உண்டு. என்விடியா அதற்கு விஞ்ஞானிகளின் பெயரை வைக்கிறது: ஃபெர்மி, கெப்ளர், மேக்ஸ்வெல், பாஸ்கல், டூரிங், ஆம்பியர், ஏடா லவ்லேஸ், பிளாக்வெல். அடுத்து ரூபின், அதற்கடுத்து ஃபைன்மன் என்று 2025 மார்ச்சிலேயே அறிவித்துவிட்டார்கள். போட்டி நிறுவனமான ஏ.எம்.டி. சில காலம் நட்சத்திரங்களின் பெயரை வைத்தது: போலாரிஸ், வேகா. இன்டெல்தான் எனக்குப் பிடித்த வழியில் போகிறது. ஆல்கெமிஸ்ட், பேட்டில்மேஜ், செலஸ்டியல், ட்ரூயிட் என்று ஆங்கில அகரவரிசை. எது முந்தியது, எது பிந்தியது என்று பெயரைக் கேட்டவுடனே தெரிந்துவிடும்.

கடைப் பெயரில் அந்த ஒழுங்கு கிடையாது. எண் 9-ஐத் தொட்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் குழப்பம்தான். ஏ.டி.ஐ. நிறுவனத்தின் ரேடியான் வரிசை 9800 வரை வந்தது. 2004-இல் அடுத்தது எக்ஸ்800 ஆனது. என்விடியா 2008-இல் 9800 ஜிடிஎக்ஸ் விற்றது. அதே வருடம் ஜிடிஎக்ஸ் 280 என்று எண்ணை இறக்கிப் புது வரிசை தொடங்கியது. பிறகு 900 வரிசைக்கு அடுத்து 2016-இல் ஜிடிஎக்ஸ் 1080 வந்தது. 1000 வரிசைக்குப் பின் 11 வரும் என்று உலகமே நினைத்திருக்க, 2018-இல் 2080 வந்தது. அதற்கும் பிறகு 2019-இல் 1660 வந்தது! 20-க்குப் பின் 16. இந்த எண்களைப் பார்த்து எது புதிது, எது வேகமானது என்று ஒரு தகப்பனார் கண்டுபிடிக்க முடியுமா?

2018-இல் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். அந்த வருடம் பல மாதங்களாக ஜிடிஎக்ஸ் 1180 என்ற பெயர்தான் அடிபட்டது. ஆகஸ்டில் என்விடியா ஒரு சிறு முன்னோட்ட வீடியோ வெளியிட்டது. அதில் விளையாடுகிறவர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் பெயர்கள் திரையில் வந்து போயின: ராய்டெக்ஸ், நாட்_11, மேக்-20, எய்ட் டீ. கூர்ந்து பார்த்தவர்கள் கோத்துவிட்டார்கள். ஆர்டிஎக்ஸ், 11 இல்லை, 20, 80. ஆகஸ்ட் 20 அன்று ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் ஆர்டிஎக்ஸ் 2080 அறிமுகமானது. ஆக, பல மாதப் பேச்சு தவறிப்போனது, கடைசி வாரக் கணிப்பு சரியாக அமைந்தது. அந்தக் கடைசி வாரத் துப்பும் நிறுவனமே வேண்டுமென்று விட்டுவைத்ததுதான். நாம் யூகிக்க வேண்டும், பேச வேண்டும் என்று அவர்கள் விரும்புகிறார்கள். அந்தப் பேச்சு அவர்களுக்குச் செலவில்லாத விளம்பரம்.

இப்போது ஏ.எம்.டி. 9-இல் நிற்கிறது. மேசைக் கணினிக்கான 8000 வரிசையைத் தாண்டிக் குதித்து, 2025 மார்ச்சில் ஆர்எக்ஸ் 9070 எக்ஸ்டி விற்பனைக்கு வந்தது. போட்டியாளரின் 70 என்ற எண்ணோடு வாங்குபவர் நேரே ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்பதுதான் அந்தப் பெயரின் நோக்கம். விளையாட்டுக்கு ஒன்று, டேட்டா சென்டருக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்த கட்டமைப்புகளை ஒன்றாக்கி யுடிஎன்ஏ என்று கொண்டுவரப்போவதாக 2024-இலேயே சொல்லிவிட்டார்கள். அடுத்த கார்டின் பெயர் என்ன? பழைய வரலாற்றை வைத்துச் சொல்கிறேன், 9-க்குப் பிறகு எண்ணின் வடிவமே மாறும். என்விடியா பக்கம் 60 என்று தொடங்கும் என்பது எளிய கணிப்பு. ஆனால் 11 வரும் என்பதும் ஒரு காலத்தில் எளிய கணிப்பாகத்தான் இருந்தது.

பெயரைப் பற்றி இவ்வளவு போதும். வேகத்துக்கு வருகிறேன். உங்கள் பணம் அங்கேதான் இருக்கிறது.

வேகத்தைக் கணிப்பவர்கள் முதலில் எடுப்பது கோர் எண்ணிக்கையை, அதாவது சிப்புக்குள் கணக்குப் போடும் அலகுகளின் எண்ணிக்கையை. கோரை கிளாக் வேகத்தால் பெருக்கி, அதை இரண்டால் பெருக்கினால் கணக்குப் போடும் வேகம் டெராஃப்ளாப்ஸில் கிடைக்கும். கணக்கு சரிதான். ஆனால் அது எங்கே ஏமாற்றும் என்று பாருங்கள். 2020-இல் ஆர்டிஎக்ஸ் 3080-க்கு 4,352 கோர் இருக்கும் என்று பேச்சு ஓடியது. செப்டம்பர் 1 அன்று அறிவிப்பு வந்தபோது 8,704 என்றார்கள். சரியாக இரண்டு மடங்கு. சிப்பைப் பற்றி வந்த தகவல் பொய்யா? இல்லை. முந்தைய டூரிங் கட்டமைப்பில் தசமக் கணக்குக்கு ஒரு பாதி, முழு எண் கணக்குக்கு ஒரு பாதி என்று பிரித்து வைத்திருந்தார்கள். ஆம்பியரில் முழு எண் பாதியும் தசமக் கணக்குப் போடும்படி செய்தார்கள். உடனே அதையும் கோர் என்று எண்ணிக்கையில் சேர்த்துவிட்டார்கள். ஆனால் ஒரு விளையாட்டுக்கு முழு எண் கணக்கும் ஓயாமல் தேவை. அது வரும்போதெல்லாம் அந்தப் பாதி தசமக் கணக்கை விட்டுவிட்டு அதற்குப் போக வேண்டும். விளைவு? 3070-க்கு 20.3 டெராஃப்ளாப்ஸ், பழைய 2080 டிஐ-க்கு 13.4. தாளில் புதியது ஒன்றரை மடங்கு. விளையாட்டில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. ஆகவே கோர் எண்ணிக்கையை ஒரே தலைமுறைக்குள் ஒப்பிடுங்கள். தலைமுறை தாண்டி ஒப்பிட்டால் தப்பாகிவிடும்.

நான் அதிகம் நம்புவது மெமரிக் கணக்கை. இது ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் போடக்கூடிய கணக்கு. கார்டின் மெமரிப் பாதையின் அகலம் பிட்டில் சொல்லப்படும். ஒவ்வொரு மெமரி சிப்பும் அதில் 32 பிட் எடுத்துக்கொள்ளும். 192 பிட் என்றால் 6 சிப். சிப் ஒன்றுக்கு 2 ஜிபி என்றால் 12 ஜிபி. ஆர்டிஎக்ஸ் 3060-க்கு 12 ஜிபி இருந்தபோது, அதைவிட விலை கூடிய 3070-க்கு ஏன் 8 ஜிபிதான் இருந்தது என்று பலர் திகைத்தார்கள். 3070-இன் பாதை 256 பிட், 8 சிப், சிப் ஒன்றுக்கு 1 ஜிபி. அவ்வளவுதான் விஷயம். 4060-க்குப் பாதையை 128 ஆகச் சுருக்கினார்கள். 4 சிப், 8 ஜிபி. எண் ஏறியது, மெமரி இறங்கியது. எட்டுக்கு மேல் மெமரி கேட்கும் 4கே வீடியோ எடிட்டிங் வேலையில் இருக்கிறவர் இதைத் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டக்கூடாது.

இதே கணக்கை வராத கார்டுக்கும் போடலாம். ஜிடிடிஆர்7 மெமரியில் 3 ஜிபி சிப் வந்துவிட்டது. 192 பிட் கொண்ட 5070-க்கு அதைப் போட்டால் 18 ஜிபி, 256 பிட் கொண்ட 5080-க்குப் போட்டால் 24 ஜிபி. 2025 முழுக்க 'சூப்பர்' என்ற பெயரில் உலவிய பேச்சில் இருந்த எண்களும் இவைதான். அந்தப் பேச்சு கணக்கில் பிழையற்றது. ஆனால் 2026 ஜனவரி லாஸ் வேகஸ் கண்காட்சியில் என்விடியா புது ஜிஃபோர்ஸ் கார்டு எதையும் அறிவிக்கவில்லை. செய்ய முடியும் என்பது வேறு, செய்து விற்பார்கள் என்பது வேறு. இந்த வேறுபாட்டை மறந்தவர்கள்தான் வருடம் முழுக்கக் காத்திருந்தார்கள். அதற்குள் ஏஐ சர்வர்களுக்கு மெமரி போய்க் குவிந்து, 2025 கடைசியில் ராம் விலை தாறுமாறாக ஏறியது. கடையில் சாதாரண மக்கள் வாங்கும் குருஷியல் ராம் விற்பனையையே நிறுத்துவதாக மைக்ரான் நிறுவனம் அந்த டிசம்பரில் அறிவித்தது. காத்திருந்தவர் கையில் கார்டும் இல்லை, ராமும் இல்லை.

மெமரியின் அளவைப் போலவே அதன் வகையையும் பார்க்க வேண்டும். இதோ, என் கையில் இருக்கும் இந்தச் சிறிய பெட்டியைப் பாருங்கள். ஜிடி 1030. பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரை வாங்கி அதில் கார்டு போட நினைப்பவர்கள் தேடிப் போவது. முன்பக்கம் பெரிய எழுத்தில் 1030 என்று இருக்கிறது. பெட்டியைத் திருப்புகிறேன். பார்கோடுக்குப் பக்கத்தில், நகம் அளவு எழுத்தில் 'டி4' என்று இருக்கிறது, கண்ணாடி போடாமல் என்னால் படிக்க முடியவில்லை. 2017-இல் வந்த ஜிடி 1030-இல் ஜிடிடிஆர்5 மெமரி; வினாடிக்கு 48 ஜிபி கடத்தும். 2018-இல் அதே பெயரில், அதே எண்ணில், டிடிஆர்4 மெமரி போட்டு ஒன்று விட்டார்கள், கடத்துவது 16.8 ஜிபி. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. மிகக் குறைந்த பணம் உள்ளவர் வாங்கும் கார்டில்தான் இந்த வேலையைச் செய்தார்கள். எனக்கு இது இன்றும் பொறுக்கவில்லை.

மேல்தட்டில் இதைச் செய்தபோது என்ன நடந்தது தெரியுமா? 2022 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 4080 என்று இரண்டு கார்டு அறிவித்தார்கள். 16 ஜிபி கார்டில் 9,728 கோர். 12 ஜிபி கார்டில் 7,680 கோர், சிப்பே வேறு. உலகமெங்கும் எதிர்ப்பு கிளம்பியது. அக்டோபர் 14 அன்று 12 ஜிபி கார்டை என்விடியா திரும்பப் பெற்றது. பெயர் சரியில்லை என்று தானே ஒப்புக்கொண்டது. 2023 ஜனவரியில் அதே கார்டு 4070 டிஐ என்ற பெயரில், 100 டாலர் குறைந்து வந்தது. பெயர் மாறினால் விலை மாறுகிறது. எதிர்ப்புக்குப் பலன் உண்டு. ஆனால் ஜிடி 1030 வாங்குகிறவருக்காகக் குரல் கொடுக்க அந்தக் கூட்டம் வரவில்லை.

லேப்டாப் வாங்கப்போகும் கல்லூரிப் பிள்ளைகள் இந்தப் பகுதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே எண் மேசைக் கணினியிலும் லேப்டாப்பிலும் ஒன்றல்ல. 4090 மேசைக் கார்டில் 16,384 கோர். 4090 லேப்டாப்பில் 9,728. அது உண்மையில் மேசைக் கணினியின் 4080-இல் இருக்கும் சிப். 4060 லேப்டாப் என்றால் 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எதுவாகவும் இருக்கலாம். ஒல்லியான லேப்டாப்பில் இருக்கும் 4060-ஐ, தடித்த லேப்டாப்பில் இருக்கும் 4050 முந்திவிடக்கூடும். கடைக்காரரிடம் "எந்தக் கார்டு?" என்று கேட்டதோடு நிற்காமல், "எத்தனை வாட்?" என்றும் கேளுங்கள்.

நிறுவனங்களின் மேடைப் பேச்சையும் எடை போட வேண்டும். 2025 ஜனவரி 6 அன்று என்விடியாவின் தலைமை நிர்வாகி ஜென்சன் ஹுவாங், 549 டாலர் 5070 கார்டு பழைய 4090-இன் வேகத்தைத் தரும் என்று மேடையில் சொன்னார். அன்று அறிவித்த இந்திய விலை ₹59,000. ஒவ்வொரு உண்மையான காட்சிக்கும் இடையில் ஏஐ வரைந்த மூன்று காட்சிகளைச் செருகி எண்ணிய கணக்கு அது. கார்டு கைக்கு வந்து சோதித்தபோது, முந்தைய 4070 சூப்பருக்குப் பக்கத்தில்தான் நின்றது. ஏ.எம்.டி.யும் இதற்கு விலக்கல்ல. 2017 தொடக்கத்தில் வேகா கார்டின் விளம்பர வீடியோவில், போட்டியாளரான என்விடியாவின் வோல்டா கட்டமைப்பு இன்னும் வராத நிலையிலேயே அதைப் பாவம் என்று இளக்காரம் செய்தார்கள். ஆகஸ்டில் வந்த வேகா 64, ஒரு வருடம் பழைய ஜிடிஎக்ஸ் 1080-ஐத்தான் எட்டிப் பிடித்தது.

அந்த வேகாவுக்குத் தலைமை தாங்கிய ராஜா கொடூரி நம் அண்டை மாநிலமான ஆந்திராவைச் சேர்ந்தவர். அந்த வருடமே இன்டெல்லுக்குப் போனார். 2019 டிசம்பரில் அவர் பெங்களூரு வந்து, அங்குள்ள குழு ஒரு பெரிய கட்டத்தைத் தாண்டிவிட்டதைக் கொண்டாடும் படத்தை வெளியிட்டார். எல்லாவற்றுக்கும் அப்பன் என்று அந்தக் குழு சிப்பைச் செல்லமாக அழைப்பதாகச் சொன்னார். இந்தியாவில் வடிவமைத்தவற்றிலேயே மிகப் பெரியதாக இருக்கும் என்றார். நம் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் பெங்களூருவில் இப்படிப்பட்ட சிப்புகளில்தான் வேலை செய்கிறார்கள். எனக்கும் அன்று நெஞ்சு நிமிர்ந்தது. ஆனால் எக்ஸ்இ-எச்பி என்ற அந்த சிப் கடைக்கு வரவில்லை. வணிக ரீதியாக விற்கப்போவதில்லை என்று 2021-இல் அவரே அறிவித்தார். அதில் கற்றதைக் கொண்டு பிறந்த ஆர்க் ஏ770 கார்டு 2022 அக்டோபரில் வந்தது. 2024 டிசம்பரில் 249 டாலருக்கு 12 ஜிபியுடன் வந்த இன்டெல்லின் பி580, நடுத்தரக் குடும்பத்துக்குச் செய்த நியாயம் என்பேன். உழைப்பு வீணாகவில்லை, பெயர்தான் வீணாயிற்று.

நமக்கென்று ஒரு ஜிபியு, அதாவது கிராபிக்ஸ் சிப், மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளில் வரும் என்று ஒன்றிய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் 2025 தொடக்கத்தில் சொன்னார். சென்னை ஐஐடியில் சக்தி என்ற பெயரில் செயலி உருவாக்கி 2018-இலேயே இயக்கிக் காட்டியவர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். ஆகவே அதை நடக்காத காரியம் என்று நான் சொல்ல மாட்டேன். வரும்போது அதையும் இதே தராசில்தான் நிறுக்க வேண்டும்: பாதை எத்தனை பிட், மெமரி எவ்வளவு, எத்தனை வாட், டிரைவர் ஒழுங்காக ஓடுகிறதா.

சரி, பொறுக்கலாமா வாங்கலாமா? என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். புது கார்டின் அறிவிப்புத் தேதி வந்துவிட்டால் பொறுங்கள். பழையது விலை குறையும். பெயர் மட்டும் அடிபடுகிறது, தேதி இல்லை என்றால், வேலை காத்திருக்கும்போது பொறுக்காதீர்கள். முகூர்த்த மாதத்தில் பத்து வீடியோவை முடித்துக் கொடுக்க வேண்டியவருக்கு, ஓராண்டு கழித்து வரக்கூடிய வேகத்தால் ஒரு பயனும் இல்லை. செகண்ட் ஹேண்ட் வாங்குபவர்கள் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைக் கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். சிப்பின் பெயர், மெமரி வகை, பாதையின் அகலம் மூன்றும் ஒரே திரையில் தெரியும். பழைய கார்டின் பயாஸை மாற்றிப் புது எண்ணைக் காட்டும் மோசடி நடக்கிறது. அப்படிப்பட்ட கார்டுகளில் பலவற்றைப் போலி என்று அந்த மென்பொருள் 2018 முதல் கண்டுபிடித்துச் சொல்கிறது. கிரிப்டோ சுரங்கத்துக்கென்றே செய்த பி106 போன்ற கார்டில் மானிட்டர் சொருகவே இடமிருக்காது. விலை மலிவு என்று ஏமாறாதீர்கள். உங்கள் கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட் தாங்கும் என்று பார்த்துவிட்டுத்தான் எந்தக் கார்டையும் தொடுங்கள். 75 வாட்டுக்குள் ஓடும் 1050 டிஐ போன்றவை பழைய டெல், எச்பி பெட்டிகள் பலவற்றில் அப்படியே பொருந்தும். 250 வாட் கேட்கும் 5070 பொருந்தாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். திண்டுக்கல்லில் வாங்கினாலும் மதுரையில் வாங்கினாலும், பில்லில் '4060 கார்டு ஒன்று' என்று எழுதி வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். முழு மாடல் பெயர், மெமரி அளவு, மெமரி வகை, லேப்டாப் என்றால் எத்தனை வாட், வாரண்டி எத்தனை வருடம், இவ்வளவையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.